வாசிகசாலையில் ஒரு உதவி மேசை போடுவது எப்படி

பேப்பர் பார்க்க வருகிற எல்லாரும் பேப்பர் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தால், நீங்கள் வாசிகசாலையில் அதிக நேரம் இருந்ததில்லை என்று அர்த்தம். உதயனின் ஒரே பக்கத்தை அரை மணித்தியாலமாக விரித்து வைத்திருக்கும் ஐயா, பிள்ளையை ரியூசனில் விட்டுவிட்டு அது முடியும்வரை சிறுவர் பகுதியில் குந்தியிருக்கும் அம்மா, பொலித்தீன் பைக்குள் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டுகிறவர், இவர்களையெல்லாம் யாழ்ப்பாணத்தில் எந்த நூலகத்துக்குப் போனாலும் காணலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காத, காசும் வாங்காத, மின்விசிறியும் சுத்துகிற இடம் ஊரில் வேறு எத்தனை இருக்கிறது? கோயிலைச் சொல்லலாம், ஆனால் அங்கே அடையாள அட்டைப் போம் நிரப்பித் தரமாட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை வேலைக்கு எடுத்தது. அமெரிக்க நூலகங்களில் அதுதான் முதல் தடவை. வீடில்லாத ஆட்கள் பகல் முழுக்க நூலகத்திலேயே இருந்தார்கள், அவர்களை வெளியே போகச் சொல்வதா, உதவுவதா என்ற கேள்வி வந்தபோது அவர்கள் எடுத்த முடிவு அது. பிறகு, தாங்களே வீதியில் வாழ்ந்து மீண்டவர்களையும் அந்த வேலைக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் பிரதேச சபை நூலகங்களுக்கு ஒரு புத்தக அலுமாரி கேட்டாலே எவ்வளவு காலம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே சமூகப் பணியாளர் நியமனத்தைப் பற்றிக் கனவு காண வேண்டாம். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முதியோருக்கு ஒருவர், உளவளத்துணைக்கு ஒருவர் என்று அரசாங்கச் சம்பளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். சனத்துக்கு அவர்கள் இருப்பதே தெரியாது, தெரிந்தாலும் எந்த மேசை என்று தெரியாது, மேசையைக் கண்டுபிடித்தாலும் அன்றைக்கு அவர் வெளிக்களத்துக்குப் போயிருப்பார்.

ஆகவே நீங்கள் போடப்போகும் உதவி மேசையின் வேலை இவ்வளவுதான்: வந்தவரைச் சரியான கதவுக்கு, சரியான கடதாசிகளோடு, ஆள் இருக்கும் நாளில் அனுப்புவது. பிறகு அந்தக் கதவு திறந்ததா என்று விசாரிப்பது. இதற்கு மேல் ஆசைப்பட்டால் குழப்பம்தான் வரும்.

மேசையும் இடமும்

நுழைவாயிலில் போடாதீர்கள். பத்திரிகை மேசைக்குப் பக்கத்திலும் போடாதீர்கள், அங்கே பத்து மணிக்கு வந்து குந்துகிற பெரியவர்களின் காது பேப்பரில் இருக்காது. உசாத்துணைப் பகுதியின் மூலை, பழைய சஞ்சிகைகள் கட்டி வைத்திருக்கும் இடம், இப்படி மெல்லக் கதைத்தால் மற்றவருக்குக் கேட்காத இடமாகப் பாருங்கள். கதிரைகளை எதிரெதிரே போடாமல் பக்கத்துப் பக்கத்தில் போட்டால், இரண்டு பேரும் ஒரே போமைப் பார்த்துக் கதைக்கலாம், வங்கியில் கடன் கேட்க வந்த மாதிரி இருக்காது. "உதவி மேசை" என்று பெரிய எழுத்தில் பனர் கட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள். "படிவம் நிரப்ப, கடிதம் எழுத" என்று ஒரு மட்டை எழுதி வையுங்கள், போதும். போம் நிரப்ப வந்தவர்தான் போகும்போது எழும்பி நின்றுகொண்டு, "அதோட இன்னொரு விஷயம்..." என்று தொடங்குவார். வந்த காரணமே அந்த இன்னொரு விஷயம்தான்.

மேசையில் இருக்க வேண்டியவை: வெற்றுத்தாள், நீலப்பேனை, பென்சில், பசை, கடித உறை, முத்திரை. கட்டாயமாக, வாசிப்புக் கண்ணாடி இரண்டு மூன்று, வெவ்வேறு பவரில். "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன், நீங்களே வாசியுங்கோ" என்று ஒருவர் சொன்னால் ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டுங்கள். போட்டுப் பார்த்து வாசிக்கத் தொடங்கினால் சரி. "இதுவும் சரிவராது" என்று திருப்பித் தந்தால் அவருக்கு எழுத்து வாசிக்க வராது என்று விளங்கிக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், விரலை வரிக்குக் கீழே வைத்து மெல்ல வாசித்துக் காட்டுங்கள்.

கோப்பு

மேசையின் உயிர் இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. இதை இன்டர்நெட்டைப் பார்த்துத் தயாரிக்க முடியாது, நடந்துதான் தயாரிக்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் ஒவ்வொரு மேசையாக நின்று, இங்கே என்ன செய்வீர்கள், என்ன கடதாசி வேண்டும், எந்த நாளில் கட்டாயம் இருப்பீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். உத்தியோகத்தரின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த வருடம் அவர் வேறு இடத்துக்கு மாறிப் போயிருப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்தத் திகதியில் சரிபார்த்தது என்று குறியுங்கள். திகதி இல்லாத தகவலை நம்பி ஆட்களை அனுப்ப முடியாது.

அதே போலக் கிராம அலுவலர் எந்தெந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதையும், சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் யாழ்ப்பாணக் கிளை, யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, செயற்கைக் கால் தேவையானவர்களுக்கு ஜெய்ப்பூர் நிலையம் என்று எல்லாவற்றையும் சேருங்கள். முன்பக்கத்தில் குறுந்தொலைபேசி இலக்கங்கள் பெரிதாக: சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926, இலவச அம்புலன்சுக்கு 1990, அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பற்றி விசாரிக்க 1924, எந்த அரச அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்க 1919. இந்த இலக்கங்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கமும், சமையல் புத்தகங்கள் இருக்கும் தட்டிலும் வையுங்கள். 1938ஐ எல்லாரும் பார்க்கிற அறிவித்தல் பலகையில் நின்று குறித்துக்கொண்டு போகக்கூடிய பெண் எங்கள் ஊரில் மிகக் குறைவு.

நெடுந்தீவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாண நகரத்துக்கு வருவதென்றால் விடியப் படகெடுத்து, குறிகாட்டுவானில் இறங்கி, பஸ்ஸைப் பிடித்து வர வேண்டும். வந்து பார்த்தால் "சேர் இண்டைக்கு மீட்டிங்". ஒரு நாட் கூலியும் போய், அடுத்த முறை வருகிற மனமும் போய்விடும். ஆகவே போன் எடுத்து, ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் ஒருவரையும் அனுப்புவதில்லை என்று ஒரு விதி வையுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1950களில் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்ன இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் அட்டவணையையும் அலுமாரி ஒழுங்கையும் நினைத்துச் சொன்னார். குறிகாட்டுவான் பயணத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

கதைக்கிற விதம்

"என்ன பிரச்சினை?" என்று தொடங்காதீர்கள். "இருங்கோ அம்மா, தண்ணி குடிக்கிறியளோ" என்பதில் தொடங்கினால் மிச்சம் தானாக வரும். இரண்டாவது, எங்கள் ஆட்களுக்கு வாயில் நிற்காத அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். "எந்த இடம்? ஆற்றை பிள்ளை? அவையின்ர சொந்தமோ?" ஊர் விசாரிப்பது எங்களுக்கு அன்பு மாதிரித் தெரியும், ஆனால் கேட்கப்படுகிறவருக்கு அதில் சாதி தொங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தேவை கிராம அலுவலர் பிரிவு மட்டும். அதை மட்டும் கேளுங்கள்.

பதிவுக் கொப்பியில் பெயர் எழுத வேண்டாம். திகதி, என்ன விடயம், எங்கே அனுப்பினது, மறுபடி விசாரிக்க வேண்டிய திகதி, இந்த நான்கும் போதும். பிறகு போன் எடுத்து விசாரிக்க வேண்டுமென்றால் அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் இலக்கத்தைத் தனிக் கொப்பியில் எழுதி, அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள். வீட்டுக்கு எடுக்கலாமா, யாராவது வேறு ஆள் போனைத் தூக்குவாரா என்றும் கேளுங்கள், சில வீடுகளில் அந்த ஒரு அழைப்பே சண்டைக்குக் காரணமாகிவிடும். மேசையில் கேட்டது ரீக்கடைக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மேசையில் இருத்தப்போகிற ஆளைத் தெரிவு செய்யும்போது அவர் நல்லா எழுதுவாரா என்பதைவிட, வாயை மூடிக்கொண்டிருப்பாரா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

கடதாசி வேலை

அதிகமாக வரப்போவது இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்து. இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, பிறகு ஒவ்வொன்றாக ஒவ்வொரு இடத்தில் எடுத்த குடும்பங்களில் இது சர்வ சாதாரணம். எந்த விண்ணப்பத்தையும் நிரப்ப முன்னம் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு அதைத் திருத்தும் வழியை முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் மாதக் கணக்கில் காத்திருந்து அந்த ஒரு எழுத்துக்காகத் திரும்பி வரும்.

முதலில் பென்சிலால் நிரப்புங்கள், வாசித்துக் காட்டுங்கள், பிறகு பேனை. கையெழுத்தை அவரே போட வேண்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும். மூலப்பிரதி எதையும் "நான் வைச்சிருக்கிறன், நாளைக்கு வாங்கோ" என்று வாங்கி வைக்காதீர்கள். போட்டோ எடுப்பதென்றால் அவருடைய போனில் எடுத்துக் கொடுங்கள், உங்களுடையதில் வேண்டாம். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதமா? என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் வாசிப்பித்துக் கொடுங்கள், அதோடு தமிழில் பதில் தரும்படி கேட்டு ஒரு வரிக் கடிதமும் அனுப்புங்கள். அது அவருடைய உரிமை, யாரும் தருகிற சலுகை இல்லை.

அஸ்வெசும 2023இல் தொடங்கியதிலிருந்து "பக்கத்து வீட்டுக்கு வந்தது எங்களுக்கு ஏன் வரயில்லை" என்ற கேள்வி எல்லா ஊரிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டைப் பற்றிய கதையை ஓரமாக வைத்துவிட்டு, இவருடைய விண்ணப்பம் என்ன ஆனது என்பதற்குள் வாருங்கள். மேன்முறையீட்டுக் காலம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிலே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவருக்கு விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலே போதும், அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. கேள்வியை மட்டும் கூர்மையாக எழுதுங்கள். "எனக்கு ஏன் அநியாயம் நடந்தது" என்று எழுதினால் பதில் வராது. "இன்ன இலக்க விண்ணப்பம் எந்தத் திகதியில் பரிசீலிக்கப்பட்டது, எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, அந்தப் பதிவின் பிரதி" என்று எழுதினால் வரும்.

கடன் விடயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. வாரக் கடன் எடுத்த பெண்கள் வசூலிக்க வருகிற நாளில் வீட்டில் நிற்கப் பயந்து வாசிகசாலைக்கு வந்து குந்துவதைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஏன் எடுத்தாய் என்று கேட்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒப்பந்தத்தை வாங்கி வட்டி, தவணை, பிணை யார் என்பதை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நிறுவனம் அனுமதி பெற்றதா என்று மத்திய வங்கி இணையத்தளத்தில் உள்ள பட்டியல்களில் பாருங்கள். கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கிற யோசனையில் இருந்தால், கையெழுத்துப் போட முன்னம் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருக்காக் காட்டச் சொல்லுங்கள்.

பொடியன்கள் வந்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விதான். ஒன்று என்ன படிக்கலாம், மற்றது எப்படி வெளியே போகலாம். முதலாவதற்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தின் பாடநெறிகள், தொழிற்பயிற்சி அதிகார சபையின் விண்ணப்பங்கள் எல்லாம் கோப்பில் இருக்கட்டும். இரண்டாவதற்கு, ஏஜென்சியின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் எடுத்து, பொடியன்கள் முன்னாலேயே கேளுங்கள். காணியை ஈடு வைத்துக் கொடுக்கப்போகிற காசு அது. "விசிட் விசாவில போய் அங்க மாத்தலாம்" என்று யாரோ சொன்னதைப் பற்றி வாதாட வேண்டாம், அந்த வாக்குறுதியை எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு அந்த ஆள் போன் எடுக்கமாட்டார்.

உங்கள் கைக்கு மிஞ்சியவை

சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள், "பிள்ளைகளை யோசியுங்கோ" என்றும் சொல்லாதீர்கள். தனிய விடாமல் கூட இருங்கள், 1926 எடுத்துக் கதைக்க விடுங்கள், இன்றைக்கே ஏதும் செய்துவிடுவார் போல இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அடி வாங்கிய பெண் வந்தால் புருசனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வெளிக்கிடாதீர்கள், ஊரில் அதைச் செய்ய ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் அவர் இங்கே வந்திருக்கிறார். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், சட்ட உதவி ஆணைக்குழு அதற்கு உதவும் என்று சொல்லுங்கள். போவதா இல்லையா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. பிள்ளைக்கு நடந்தது என்றால் அந்த நிதானம் இல்லை, உடனே 1929.

காணாமற்போனவர்களின் வீட்டார் வருவார்கள். அவர்களிடம் எந்தக் கடதாசியையும் எடுக்கச் சொல்லித் தூண்டாதீர்கள். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் பெறலாம், வங்கி, காணி விடயங்களுக்கு அது உதவும் என்று தகவலாகச் சொல்லலாம். அதுவே வேண்டாம் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அவர் மடியில் வைத்திருக்கும் படத்தைப் பார்க்கச் சொன்னால் பாருங்கள், கதை எத்தனையாவது தடவை என்றாலும் கேளுங்கள்.

படம் எடுப்பதில்லை

மேசை கொஞ்சம் பெயர் எடுத்ததும் வெளிநாட்டிலிருந்து போன் வரும். பத்துச் சைக்கிள் தருகிறோம், வாங்குகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எங்கள் அம்மாவின் நினைவுப் பதாகைக்கு முன்னால் படம் எடுத்து அனுப்புங்கள். நல்ல மனது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படம் பேஸ்புக்கில் போய், அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்று கொடுப்பவருக்குத் தெரியாது. பற்றுச்சீட்டும் கணக்கும் அனுப்புகிறோம், முகம் அனுப்பமாட்டோம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் விலகிப் போவார்கள், போகட்டும். தேர்தல் காலத்தில் மேசைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அனுமதி

பிரதேச சபை நூலகமென்றால் நூலகர் மூலம் செயலாளருக்கு ஒரு கடிதம், சனசமூக நிலையமென்றால் நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம். நீண்ட திட்ட அறிக்கை எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். கிழமையில் அரை நாள், ஒரு மேசை, செலவு இல்லை, இவ்வளவையும் நாலு வரியில் எழுதுங்கள். நாளையும் நேரத்தையும் தெரிவு செய்யும்போது ஊரைப் பாருங்கள். குருநகர், மயிலிட்டிப் பக்கம் மீன் வந்து இறங்குகிற நேரத்தில் மேசை போட்டால் காற்று வாங்கலாம், தோட்டம் செய்கிற ஊரில் வெங்காயம் கிண்டுகிற காலத்தில் பின்னேரம்தான் சரி, சின்னப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பாலர் பாடசாலை விட முன்னம் இருக்கிற அந்த இரண்டு மணித்தியாலம்.

அப்புறம் பிரதேச செயலாளருக்கு இன்னொரு கடிதம்: மாதத்தில் ஒரு நாள் சமூக சேவை உத்தியோகத்தரோ பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோ நூலகத்துக்கு வந்து இருக்க முடியுமா என்று. அவர்களுக்கும் இது வசதிதான், வீடு வீடாக அலைவதைவிட ஒரே இடத்தில் பத்துப் பேரைச் சந்திக்கலாம். வந்தால் மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டு, முதலாவது ஆள் உள்ளே வர முன்னம் ஒரு ரீ கொடுத்துவிடுங்கள். வரவேற்புரை, பொன்னாடை, விளக்கேற்றல் ஒன்றும் வேண்டாம், அதிலேயே பதினொரு மணி ஆகிவிடும், சனம் பஸ்ஸுக்குப் போய்விடும்.